வெளிநாட்டு மருந்தகத்துக்கு உதவப் போகிறீர்களா? பெட்டி கட்டுவதற்கு முன்னால் படியுங்கள்

போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஏதோ ஓர் ஆப்பிரிக்க நாட்டு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கி அனுப்பப் போகிறார்களாம், காரைக்குடியில் மொத்த விலைக்கு யாரிடம் கிடைக்கும் என்று கேட்டார். உட்காரச் சொல்லி காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "அது இருக்கட்டும், அந்த ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் யார், அவரிடம் பேசினீர்களா?" என்றேன். இல்லை. என்ன மருந்து வேண்டுமாம்? "எல்லாம்தான், காய்ச்சல் தலைவலிக்கு, சத்து மாத்திரை, அந்த மாதிரி." சரி, இதை ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி மாளாது, எழுதியே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

நான் மருந்தாளுநர். இருபத்தைந்து வருடமாகக் கடை, வாரத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் டி.பார்ம் பிள்ளைகளுக்கு வகுப்பு. இந்த வெளிநாட்டு உதவி வேலையில் முதலில் சறுக்கினேன், அப்புறம் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சறுக்கிய கதையில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2022இல் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். தமிழக அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை உயிர்காக்கும் மருந்துகள் அனுப்புவதாக அறிவித்தது. அது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையில் நடந்த காரியம். எங்களுக்கும் கை துறுதுறுவென்றது. கடை வாசலில் ஓர் அட்டைப் பெட்டி வைத்து, "வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைப் போடுங்கள், இலங்கைக்கு அனுப்புகிறோம்" என்று எழுதி ஒட்டினேன். பதினொரு பெட்டி சேர்ந்தது. ஓர் ஆச்சி ஜவுளிக்கடைப் பை நிறையக் கொண்டுவந்து, "தம்பி, செட்டியாருக்கு வாங்குனது, போன தையில அவர் போனப்புறம் அப்படியே இருக்கு, யாருக்காவது ஆகட்டும்" என்று கையில் கொடுத்தபோது வாங்காமல் இருக்க முடியவில்லை.

நண்பர் வீட்டு வளவில், ஆத்தங்குடித் தரையில் எல்லாவற்றையும் கொட்டி மூன்று நாள் சாயங்காலம் பிரித்தோம். காலாவதியானது ஒரு குவியல். பாதி கிழித்த அட்டைகள் ஒரு குவியல்: தேதியும் பேட்ச் எண்ணும் கிழித்துப்போட்ட பாதியோடு போயிருக்கும், அதை எவரும் நம்பிக் கொடுக்க முடியாது. டாக்டர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் தரும் சாம்பிள்கள். திறந்த சிரப் பாட்டில். ஆச்சியின் பையில் இருந்தது முக்கால்வாசி ஒரே பிராண்டு சர்க்கரை மாத்திரை, ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து சேர்த்தது. கடைசியில் ஒன்றரைப் பெட்டி தேறியது. அதையாவது அனுப்பலாம் என்று வவுனியாப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கும் பெண்ணைத் தெரிந்தவர் மூலம் பிடித்துப் பேசினால், அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "ஐயா, உதவி வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா எங்கட நாட்டில பதிவில்லாத மருந்தை நான் அலுமாரியில வைக்கேலாது. முதல்ல என்ன வேணுமெண்டு கேட்டிருக்கலாமே."

பதினொரு பெட்டியையும் முறைப்படி எரிக்கக் கொடுத்ததற்கு நாங்கள்தான் பணம் கட்டினோம்.

இது எங்கள் அசட்டுத்தனம் மட்டும் இல்லை, உலகமே இப்படிச் செய்திருக்கிறது. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தின்போது 5,000 டன் மருந்து வந்து குவிந்தது, பிரித்து அடுக்கவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. போஸ்னியாவில் 1992 முதல் 1996 வரை வந்ததில் சுமார் 17,000 டன் உதவாத சரக்கு, அதை ஒழிப்பதற்கான செலவு மட்டும் 3.4 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவில் 20 லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து இறங்கியது, பெரும்பகுதியின் லேபிள் அவர்களுக்குப் புரியாத மொழியில். அதே சுனாமியில் நாகப்பட்டினம் ரோட்டோரம் பழைய துணி மலைமலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. துணி மக்கிப் போகும். மருந்தை அப்படி விட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே மருந்து நன்கொடை விதிமுறைகளை 1996இல் வெளியிட்டு, அப்புறம் திருத்தியும் இருக்கிறது. சாரம் ரொம்ப எளிது. அவர்கள் கேட்டதை மட்டும் கொடு. அந்த நாட்டில் அனுமதித்த மருந்தாக, முடிந்தவரை அவர்களுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதாகப் பார். போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடம் ஆயுள் மிச்சம் இருக்கட்டும். ஒருவர் வாங்கித் திருப்பித் தந்த மருந்து, இலவச சாம்பிள் எதுவும் கூடாது. பிராண்டு பெயர் மட்டும் போதாது, மருந்தின் பொதுப்பெயர் அவர்களுக்குப் புரியும் மொழியில் லேபிளில் இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கடையில் ஒட்டியிருக்கிறேன். யாராவது பையோடு வந்தால் வாய் பேசாமல் விரலை மட்டும் நீட்டுவேன்.

அப்படியென்றால் என்னதான் செய்வது?

முதலில் ஓர் இடத்தைப் பிடியுங்கள். நாடு இல்லை, ஓர் ஆஸ்பத்திரி அல்லது ஒரு கல்லூரி. அதற்குள் ஓர் ஆள். அந்த ஆள் மருந்தாளராகவோ மருந்தியல் ஆசிரியராகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுத் தலைவரோடு மட்டும் பேசினால் கட்டடம் கேட்பார், கல்வெட்டில் பேர் போடுவதாகச் சொல்வார். மருந்தாளரோடு பேசினால், "ஃபிரிட்ஜுக்குத் தெர்மாமீட்டர் இல்லை" என்பார். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது.

முதல் மெயில் சின்னதாக இருக்கட்டும். நீங்கள் யார், என்ன வேலை தெரியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், பணம் எவ்வளவு வரை முடியும். "என்ன உதவி வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் கம்ப்யூட்டர் என்று பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: போன மாதம் எந்த மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இல்லை? காலாவதியாகி எது அதிகம் வீணானது? மருந்து வாங்கிப் போகிறவர் எந்த மருந்தைத் தப்பாகச் சாப்பிட்டுத் திரும்ப வருகிறார்? மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பில் எதை வாயாலேயே சொல்லி முடித்துவிடுகிறீர்கள்? இந்த நான்குக்கும் பதில் வந்தால் உங்கள் வேலைத்திட்டம் தயார். பதில் வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் நினைவூட்டல் மெயில் போட்டுத் தொல்லைப்படுத்தாதீர்கள், அங்கே ஒரு ஆள் நான்கு ஆள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

தனியாக இடம் பிடிக்க முடியாதவர்களுக்கு வழி உண்டு. தி ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச மருந்தாளுநர் கூட்டமைப்பு 1912இல் இருந்து இயங்குகிறது, எஃப்ஐபி என்பார்கள். பணக்கார நாட்டு மருந்தகங்களையும் கல்லூரிகளையும் வளரும் நாட்டு மருந்தகங்களோடு கோத்துவிடுவதற்காகவே அகத்தே வெர்லி என்ற மருந்தாளுநர் ஃபார்மாபிரிட்ஜ் என்ற முயற்சியை அதன் ஆதரவில் நடத்தினார்: புத்தகம், பயிற்சிக்கு இடம், ஆசிரியர் வருகை என்று சின்னச் சின்னக் காரியங்கள். காமன்வெல்த் மருந்தாளுநர் சங்கம் இன்னொன்று. பிரிட்டன் அரசின் ஃப்ளெமிங் நிதியைக் கொண்டு அங்குள்ள ஆஸ்பத்திரிகளை கானா, தான்சானியா, உகாண்டா, ஜாம்பியா நாட்டு ஆஸ்பத்திரிகளோடு ஜோடி சேர்த்து, ஆன்டிபயாடிக்கை அளவோடு பயன்படுத்தும் முறையை இரண்டு பக்கமும் சேர்ந்து கற்கிற திட்டத்தை அது நடத்தியது. மாணவர்கள் என்றால் 1949இல் தொடங்கிய ஐபிஎஸ்எஃப் என்ற சர்வதேச மருந்தியல் மாணவர் கூட்டமைப்பு, அதில் மாணவர் பரிமாற்றம் உண்டு. இந்திய அரசின் ஐடெக் திட்டம் 1964இல் இருந்து இருக்கிறது. நட்பு நாட்டு அதிகாரிகள் இங்கே வந்து குறுகிய காலப் பயிற்சி எடுக்க டிக்கெட், தங்குமிடம் எல்லாம் இந்தியாவே தரும். விண்ணப்பம் அந்த நாட்டு இந்தியத் தூதரகம் வழியாகப் போக வேண்டும். நம் வெளிநாட்டு நண்பருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே ஒரு பெரிய உதவி, பல பேருக்குத் தெரியவே தெரியாது.

வகுப்பு எடுப்பது

பெரிய பாடத்திட்டம் எல்லாம் போடாதீர்கள். அவர்களிடம் நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. மாதம் இரண்டு வீடியோ வகுப்பு, 40 நிமிடம், ஒரு விஷயம், போனில் பார்த்தாலே புரிகிற மாதிரி. வவுனியாவில் அந்த மருந்தாளர் பெண்ணோடும் தான்சானியாவில் ஒரு கல்லூரி நண்பரோடும் நாங்கள் அப்படித்தான் நடத்துகிறோம். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், சிக்கலில்லை. தான்சானியா என்றால் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நம் மாலை 6 மணி அங்கே பிற்பகல் 3.30, ஆஸ்பத்திரிக் கூட்டம் ஓய்ந்த நேரம்.

உதாரணத்துக்கு, குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் உலர் சிரப். பாட்டிலில் பொடியாக வரும், தண்ணீர் கலக்க வேண்டும். இதை ஒரு வகுப்பு முழுக்க நடத்தியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். பொடி பாட்டிலைக் கேமரா முன்னால் வைத்து முதலில் தட்டிப் பொடியை உதிர்க்கச் சொன்னேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை. மூடிக் குலுக்கு. நுரை அடங்கட்டும். அடங்கினால் அளவு கோட்டுக்குக் கீழே போயிருக்கும், மறுபடி கோடு வரை ஊற்று, மறுபடி குலுக்கு. பாட்டிலில் போட்டிருக்கும் நாளுக்குள், பெரும்பாலும் ஏழு நாள், முடித்துவிட வேண்டும், மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைக்கக் கூடாது. வவுனியாக்காரப் பெண் அடுத்த வாரம் எழுதினார்: வார்டில் பத்துத் தாய்மாரைத் திரும்பச் செய்து காட்டச் சொன்னாராம், ஏழு பேர் நுரையையே கோடு என்று எடுத்துக்கொண்டார்களாம். அதாவது தண்ணீர் குறைவு, மருந்து கெட்டி, குழந்தைக்குப் போகிற அளவு அதிகம். இப்போது அவர்கள் தண்ணீர் கலக்காமல் பாட்டிலை வெளியே விடுவதே இல்லை.

லேபிள் ஒரு தனிக் கதை. நாமும் தமிழ், வவுனியாக்காரர்களும் தமிழ், அப்படியே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். நான் "மாத்திரை" என்று எழுதினால் அங்கே "குளிசை". நம் சிரப் அவர்களுக்குப் "பாணி". பாராசிட்டமால் என்றால் யோசிப்பார்கள், "பனடோல்" என்றால் உடனே தலையாட்டுவார்கள். பக்கத்துத் தமிழுக்கே இவ்வளவு என்றால் சுவாஹிலிக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தான்சானியா மாணவர்களுக்கான வகுப்பில் நம் வழக்கப்படி 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று போட்டேன், "நூற்றொரு மாத்திரையா?" என்று ஒரு பையன் கேட்டான். அவர்கள் 1×3, அதாவது ஒன்று வீதம் மூன்று வேளை, என்கிற மாதிரி எழுதுகிறவர்கள். அன்றையில் இருந்து சூரியன், உச்சி வெயில், நிலா படம் போட்ட லேபிளைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறேன், கீழே வாசகத்தை அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

நாம்தான் சொல்லிக் கொடுப்பவர்கள் என்ற நினைப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். ஆஸ்துமா இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசர் என்ற குழாயை வாங்கக் காசில்லாத வீட்டுக்கு 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுப் பயன்படுத்தலாம் என்று 1999இல் ஆராய்ந்து காட்டியவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிடுவதற்கு முன்பே, தேவையான மருந்தை மட்டும் பொதுப்பெயரில் அரசே மொத்தமாக வாங்கும் வழியை இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே செய்து காட்டினார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில்தான் தொடங்கியது. அதே வேலையை மற்ற நாடுகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஐ.நா. அமைப்பு ஒன்றின் சார்பில் கயானா போன இடத்தில் 1977இல் இறந்தும் போனார். வவுனியாப் பெண்ணிடம் முதல் வகுப்பிலேயே நான் அத்தியாவசிய மருந்து பற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்து, பிபிலே பெயரை அவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்னொன்றும் உண்டு: 2022இல் காம்பியாவில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததில் சந்தேகத்துக்கு உள்ளான இருமல் சிரப்புகள் இந்தியாவில் தயாரானவை. ஆப்பிரிக்க மாணவர்கள் அதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு எப்படி உள்ளே வருகிறது, கச்சாப் பொருளை ஏன் ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும் என்று அதையே ஒரு வகுப்பாக எடுங்கள்.

நம்மிடம் காட்டத் தகுந்தது எது என்றால், என் கணக்கில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான். 1994இல் தொடங்கியது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஒவ்வோர் அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் வருட ஒதுக்கீடு ரூபாயில் இருக்கும், மருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்தக் கம்பெனி மருந்து என்று தெரியாதபடி மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். கணக்குப் புத்தகத்தோடு வளர்ந்த ஊர்க்காரர்களான நமக்கு இது சட்டென்று பிடிபடும். வெளிநாட்டு நண்பர் இங்கே வந்தால் முறையாக அனுமதி வாங்கி ஒரு கிடங்கைக் காட்டுங்கள். கானாடுகாத்தான் அரண்மனையை மறுநாள் காட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் அங்கே போவதாக இருந்தால் ஒன்று: உங்கள் பதிவுச் சான்று இந்தியாவுக்கு மட்டும்தான். அங்கே கவுன்டரில் நின்று ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. பின்னால் நின்று பார்க்கலாம், சொல்லிக் கொடுக்கலாம். விசாவிலும் அதையே எழுதுங்கள்.

பழைய பாடப்புத்தகம் அனுப்புவதும் பழைய மருந்து அனுப்புவது மாதிரிதான். மருந்தளவு மாறியிருக்கும். தபால் செலவுக்குப் புதுப் பதிப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி திட்டம் இருக்கிறது. அந்த நாடு அதன் பட்டியலில் இருந்தால் அதன் வழியாக மருத்துவ ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ படிக்கலாம், 2002இல் இருந்து இருக்கிறது. கல்லூரிதான் பதிவு செய்ய வேண்டும், தனி ஆள் முடியாது. எங்கள் தான்சானியா நண்பரின் கல்லூரியில் பதிவு ஏற்கெனவே இருந்தது, பாஸ்வேர்டு நூலகர் ஒருவரிடம் மட்டும் இருந்தது, அவர் மாறுதலாகிப் போயிருந்தார். அதை மீட்டுக் கொடுக்க ஆன செலவு நான்கு மெயில்.

பண விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டில் இருந்து நம் டிரஸ்டுக்கு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். டிரஸ்ட் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது, தனி உத்தரவு வேண்டும். முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், அப்புறம் வசூல்.

எத்தனை வருடம்?

என் தாத்தா பர்மாவில் தேவகோட்டைச் செட்டியார் ஒருவரின் கடையில் கணக்கப்பிள்ளை. அந்தக் கால ஏற்பாடு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக் கடையில் வேலை பார்க்க, போகிறவருக்கு மூன்று வருடச் சம்பளச் சீட்டு. மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். மேலாள் கணக்கை முடித்துக்கொண்டு கப்பல் ஏறினாலும் மறுநாள் காலை கடை திறக்கும். உதவித் திட்டங்களில் நான் பார்த்த பெரிய ஓட்டை இதுதான்: நன்றாகப் பயிற்சி பெற்ற ஒரே ஆள் வேறு வேலைக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடுவார், அன்றோடு சரி. அதனால் முதல் நாளே கேளுங்கள், உங்கள் அடுத்தாள் யார்? ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் உட்கார வேண்டும். இரண்டாவது வருடம் பாதி வகுப்பை அடுத்தாள் எடுக்கட்டும், நீங்கள் கேளுங்கள். மூன்றாவது வருடம் முடிந்தால் கணக்கு முடிந்தது, தொடர வேண்டுமானால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து புதுச் சீட்டு எழுதுங்கள்.

வருடா வருடம் ஐந்தொகை (வருடக் கணக்கு) போடுவது கட்டாயம். எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்பதை நான் வரவில் வைப்பதில்லை. தொடங்கும்போது கேட்ட அந்த நான்கு கேள்வியையும் திரும்பக் கேட்டு, பதில் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். வவுனியாவில் முதல் வருடம் எங்கள் செலவு மூன்று தெர்மாமீட்டர், படம் போட்ட லேபிள் அச்சு, இரண்டு புத்தகம். பதினொரு பெட்டியை எரிக்கக் கொடுத்ததைவிடக் குறைவு. காலாவதியாகி வீணாகிற மருந்து குறைந்தது, காரணம் நாங்கள் இல்லை, முதலில் காலாவதியாவதை முன்னால் அடுக்கும் வேலையை அவருடைய அடுத்தாள் பையன் விடாப்பிடியாகச் செய்தான்.

அந்தப் பையன் போன மாதம் வகுப்பு எடுத்தான். தலைப்பு, இன்சுலின் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழுதி வைப்பது. முடித்துவிட்டு, "ஐயா, உங்கட கடைப் பதிவையும் ஒருக்கா காட்டுங்கோவன்" என்றான். கேமரா முன்னால் கொண்டுவந்து காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் எல்லாம் காலி. கடைக்கு லீவு. "ஞாயிறு கரண்ட் போனா என்ன செய்யிறீங்கள்?" என்றான். இப்போது ஞாயிறு காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் கடையைத் திறந்து பார்த்து எழுதிவிட்டு வருகிறேன்.